அக்டோபர் 9 யாருடைய நாள்? ஹங்குல் எழுத்தைப் பற்றி ஒரு வாக்குவாதம்

சுவோன் செந்தில்:

இங்கே தென் கொரியாவில் இன்று அரசு விடுமுறை. கொரிய மொழியின் ஹங்குல் எழுத்துக்காக விடுமுறை. எட்டு வருடமாக சுவோனில் ஆய்வக வேலையில் இருக்கிறேன். ஒவ்வொரு அக்டோபர் 9 அன்றும் ரயிலேறி சியோல் போய், குவாங்ஹ்வாமுன் சதுக்கத்தில் மன்னர் செஜோங் சிலை முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன். பொன்னிறச் சிலை, அமர்ந்த கோலம், இடது கையில் விரித்த புத்தகம். இந்த முறை மகளையும் கூட்டிப்போனேன். ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். பீடத்தில் இருந்த நான்கு எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டி "செ, ஜோங், தே, வாங்" என்று படித்தாள். பள்ளியில் சேர்ந்த மூன்றாவது வாரமே கடைப் பலகை, பேருந்து நிறுத்தப் பெயர், பால் பாக்கெட் என்று கண்ணில் பட்டதையெல்லாம் படிக்க ஆரம்பித்தவள்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: கொரியர்கள் பேசியது கொரிய மொழி, எழுதியது சீன எழுத்து. ஆயிரக்கணக்கான சீன எழுத்துகளை மனப்பாடம் செய்ய வசதியும் நேரமும் இருந்தவன் படித்தான். மற்றவனுக்கு எழுத்தே கிடையாது. ஜொசொன் வம்சத்தின் நான்காவது மன்னர் செஜோங் 1443-ல் 28 எழுத்துகளைச் செய்தார். 1446-ல் 'ஹுன்மின் ஜொங்உம்' என்ற பெயரில் வெளியிட்டார். 'மக்களுக்குக் கற்பிக்கும் சரியான ஒலிகள்' என்று பொருள். முன்னுரையில் அவர் சொல்வதன் சாரம் இதுதான்: நம் நாட்டுப் பேச்சு சீனத்திலிருந்து வேறுபட்டது, அந்த எழுத்தோடு ஒட்டவில்லை. எளிய மக்களுக்குச் சொல்ல வேண்டியது இருந்தும் சொல்ல வழியில்லை. அதை நினைத்து எனக்கு வருத்தம். எல்லாரும் சுலபமாகக் கற்று அன்றாடம் எழுதட்டும் என்று இதைச் செய்தேன்.

'எனக்கு வருத்தம்' என்று ஓர் அரசர் எழுதியதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

என் கருத்தை நேராகவே வைக்கிறேன். மனிதர்கள் உண்டாக்கிய எழுத்துகளில் இதற்கு மேல் ஒன்று இல்லை. எழுத்தை நேசிக்கிற எவரும், தமிழர் உட்பட, கொண்டாட வேண்டிய நாள் இது. மறுப்பு இருந்தால் வாருங்கள்.


நெய்தல்:

மறுப்பு இருக்கிறது அண்ணா. வரலாற்றில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவள் நான். எழுத்தின் மேல் எனக்குக் குறை இல்லை, அதைப் பற்றிச் சொல்லப்படும் கதையின் மேல்தான் குறை.

எழுத்து வந்தது 1446. கொரியாவை அடிமைப்படுத்தி வைத்திருந்த ஜப்பான் 1945-ல் வெளியேறியபோது தென் கொரியாவில் வயது வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நடுவில் 500 வருடம். "புத்திசாலி ஒரு காலைப்பொழுதில் கற்றுக்கொள்வான், மந்தமானவனுக்கும் பத்து நாள் போதும்" என்று செஜோங்கின் அறிஞர் ஜொங் இன் ஜி எழுதி வைத்தாரே, அந்தப் பத்து நாள் அந்த மக்களுக்கு ஏன் கிடைக்கவே இல்லை? மேட்டுக்குடியினர் அதை 'ஒன்முன்', அதாவது கொச்சை எழுத்து என்றார்கள். பெண்களின் எழுத்து என்று ஒதுக்கினார்கள். தன்னை ஏசி ஹங்குலில் சுவரொட்டி ஒட்டியதற்காக யொன்சான்குன் என்ற மன்னர் 1504-ல் அதைக் கற்பதற்கே தடை போட்டார். அரசு ஆவணங்களுக்குள் ஹங்குல் முறையாக நுழைந்தது 1894 சீர்திருத்தத்தில்.

செஜோங்கை எதிர்த்த அரசவை அறிஞர் சொய் மல்லியை எல்லாரும் வில்லனாகவே காட்டுகிறார்கள். 1444-ல் அவர் கொடுத்த மனுவில் ஒரு வாதம் இருக்கிறது, அதற்கு இன்றுவரை நேரான பதிலை நான் படித்ததில்லை. சிறையில் கிடக்கிறவன் தன் வாக்குமூலத்தைத் தானே படித்துப் பார்த்தால் அநியாயம் குறையும் என்பது எழுத்துக்கு ஆதரவானவர்கள் சொன்னது. சொய் மல்லி கேட்கிறார்: சீனாவில் பேச்சும் எழுத்தும் ஒன்றுதானே, அங்கே பொய் வழக்கு இல்லையா? நீதி கிடைப்பது அதிகாரியின் குணத்தைப் பொறுத்தது, எழுத்தைப் பொறுத்தது இல்லை.

இதற்குப் பதில் சொல்லுங்கள் அண்ணா.


சுவோன் செந்தில்:

அந்த மனுவை முழுசாகப் பார்க்கணும் தங்கச்சி. அதே மனுவில், சொந்த எழுத்து வைத்திருப்பவர்கள் மங்கோலியர், ஜுர்சென், ஜப்பானியர், திபெத்தியர் போன்றவர்கள்தான், அவர்களெல்லாம் காட்டுமிராண்டிகள், நாமும் அந்த வரிசையில் சேர்வதா என்று கேட்கிறார். சீனாவுக்குத் தெரிந்தால் வெட்கம் என்கிறார். சிறைவாசியின் மேல் இருந்த அக்கறையா அது?

செஜோங் பதில் சொல்லாமலும் விடவில்லை. "உனக்கு ஒலியியல் தெரியுமா? நான்கு தொனி, ஏழு ஒலி வகைகளில் எத்தனை எழுத்து இருக்கிறது சொல்" என்று அவையிலேயே கேட்டார். இதைச் சரிசெய்ய நான் இல்லாவிட்டால் வேறு யார் செய்வார் என்றும் கேட்டார். அரசவைக் குறிப்பில் அப்படியே பதிவாகியிருக்கிறது. மனு கொடுத்தவர்களை ஒரு நாள் சிறையில் வைத்து மறுநாளே விட்டுவிட்டார்கள். அந்தக் காலத்து அரசர் ஒருவர் நினைத்திருந்தால் தலையே போயிருக்கும்.

அதிகாரியின் குணம் முக்கியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கெட்ட அதிகாரியைக் கேள்வி கேட்க, அவன் என்ன எழுதி வைத்தான் என்று முதலில் படிக்கத் தெரியணும். சுவரொட்டி ஒட்டியவனைக் கண்டு யொன்சான்குன் ஏன் பயந்தார்? நீங்கள் சொன்ன உதாரணமே என் பக்கம் பேசுகிறது.


நெய்தல்:

சுவரொட்டி விஷயம் சரி, அதை விட்டுக்கொடுக்கிறேன்.

செஜோங்கின் நோக்கம் வெறும் கருணை என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. 1428-ல் ஜின்ஜுவில் ஒருவன் தகப்பனைக் கொன்றான். மன்னர் அதிர்ந்துபோய், விசுவாசம், பிதுர்பக்தி, பத்தினித்தனம் இவற்றைப் போதிக்கும் படப் புத்தகம் ஒன்றை 1434-ல் வெளியிட்டார். படிக்கத் தெரியாதவனுக்குப் படம் மட்டும் போதவில்லை. ஹங்குல் வந்ததும், அந்தப் புத்தகத்தைப் புது எழுத்தில் பெயர்த்துப் பரப்பினால் விசுவாசிகளும் நல்ல மகன்களும் பெருகுவார்கள் என்று அவரே சொல்கிறார். "அது மனிதனின் இயல்பைப் பொறுத்தது, எழுத்தைப் பொறுத்ததா?" என்று மறுத்த அதிகாரி ஜொங் சாங் சொனைப் பதவியிலிருந்து நீக்கினார். குடிகள் அடங்கி நடக்க ஓர் அரசனுக்குத் தேவைப்பட்ட கருவி என்ற முகமும் இந்த எழுத்துக்கு இருந்தது.


யாழினி:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் கொரிய மொழிபெயர்ப்பாளர் வேலை பார்க்கிறேன். ராஜா எதற்காகச் செய்தார் என்று நீங்கள் இருவரும் சண்டை போடுகிறீர்கள். கிடைத்த எழுத்தை மக்கள் எதற்கு வைத்துக்கொண்டார்கள் என்று பாருங்களேன்.

1998-ல் ஆண்டொங் என்ற ஊரில் வீட்டுமனைக்காகப் பழைய கல்லறைகளை இடம் மாற்றினார்கள். ஒரு கல்லறைக்குள் 1586-ல் இறந்துபோன யி உங் தே என்பவரின் உடல், முப்பது வயதை ஒட்டியவர். அவர் மேல் ஒரு கடிதம், மனைவி எழுதியது. முழுக்க ஹங்குல். 'வொன்னின் அப்பாவுக்கு' என்று தொடங்குகிறது. இரண்டு பேருக்கும் தலை நரைக்கும்வரை வாழ்ந்து ஒன்றாகவே சாகலாம் என்றீர்களே, என்னை விட்டுவிட்டு எப்படிப் போனீர்கள் என்று கேட்கிறாள். வயிற்றில் ஒரு பிள்ளை இருக்கிறது. கனவில் வந்து பதில் சொல்லுங்கள் என்கிறாள். தாள் நிறைந்துவிட்டது. ஓரத்தில் எழுதுகிறாள், ஓரமும் தீர்ந்ததும் தாளைத் திருப்பி, முதல் வரிக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த வெள்ளையில் தலைகீழாக எழுதி முடிக்கிறாள். தலைமுடியையும் சணலையும் சேர்த்துப் பின்னிய ஒரு ஜோடிச் செருப்பும் கூடவே இருந்தது.

இதைச் சீன எழுத்தில் எழுதியிருக்க முடியுமா? மொழிபெயர்ப்பது என் தொழில், அதனால் சொல்கிறேன். ஒரு பெண் தன் வாயில் வருவதை வந்தபடியே எழுதியிருக்கிறாள், நடுவில் மொழிபெயர்ப்பு இல்லை. படப் புத்தகத்துக்காகச் செய்திருந்தாலும் சரி, செஜோங் கொடுத்தது இதைத்தான்.


கரந்தை ஆசிரியர்:

அருமை யாழினி அம்மா. நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். கொரிய மொழி தெரியாது, பேத்தி படிக்கிறாள் என்று எழுத்தை மட்டும் கற்றுக்கொண்டேன். ஒரு வாரம் ஆயிற்று.

கற்றபோது என்னை உலுக்கியது ஒன்று. அவர்களுடைய 'க' ஒலிக்கு உரிய எழுத்து, மேலே ஒரு படுக்கைக்கோடு, அதன் வலது முனையிலிருந்து கீழே இறங்கும் ஒரு கோடு. நாவின் அடி மேலெழுந்து தொண்டையை அடைக்கும் வடிவம் அது என்று 1446-ஆம் ஆண்டு விளக்க நூலே சொல்கிறது. 'ந' ஒலிக்கு நம் 'ட' போல ஓர் எழுத்து: நாநுனி மேலே தொடும் வடிவம். 'ம' ஒரு சதுரம், அது வாய். 'ச' ஒலிக்குப் பல். வட்டம் என்றால் தொண்டை. இந்த ஐந்திலிருந்து மற்றவை பிறக்கின்றன. ஒலி வன்மையாகும்போது ஒரு கோடு கூடும். 'ந' வடிவத்தின் தலையில் ஒரு கோடு போட்டால் 'த', இன்னொரு கோடு போட்டால் மூச்சோடு வரும் 'த'.

தொல்காப்பியர் பிறப்பியலில் "ககார ஙகாரம் முதல்நா அண்ணம்" என்கிறார். முதல்நா என்றால் நாவின் அடி. "இதழ் இயைந்து பிறக்கும் பகார மகாரம்" என்கிறார். நாற்பது வருடம் இந்த நூற்பாக்களை வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒலி எங்கே பிறக்கிறது என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அதையே கோடாக வரைந்து எழுத்தாக்கலாம் என்று செஜோங்குக்குத் தோன்றியிருக்கிறது. கரும்பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்ட இப்போது எனக்கு வகுப்பறை இல்லை என்பதுதான் வருத்தம்.


முத்து வேலவன்:

ஐயா, அப்படியென்றால் கொரிய மொழியே தமிழிலிருந்து போனதுதானே? அம்மா, அப்பா இரண்டும் அங்கேயும் அப்படித்தான்.


கரந்தை ஆசிரியர்:

தம்பி, அப்படிச் சொல்லவே கூடாது. அம்மா, அப்பா போன்ற சொற்கள் குழந்தை வாயில் முதலில் வரும் இதழொலிகள், உறவே இல்லாத மொழிகளிலும் ஒத்துப்போகும். கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே நூல் எழுதினார். அவர் ஹங்குலுக்காக உழைத்த நல்ல மனிதர். ஆனால் அந்த உறவை மொழியியலார் ஏற்கவில்லை. கொரியர் செய்ததைக் கொரியர் செய்தது என்று சொல்லிப் பெருமைப்படுவோம். நமக்கு நம்முடையது போதும்.

வேறு ஒரு தொடர்பு உண்டு, அது ஆராய்ச்சிக்குள் நிற்கிறது. மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானுக்காக 1269-ல் திபெத்தியத் துறவி பக்ஸ்பா ஓர் எழுத்து செய்தார். அது திபெத்திய எழுத்திலிருந்து வந்தது, திபெத்தியம் பிராமியிலிருந்து வந்தது. ஹங்குலின் அடிப்படை மெய்கள் சிலவற்றின் வடிவம் பக்ஸ்பாவிலிருந்து எடுத்தது என்று கேரி லெட்யார்ட் என்ற அறிஞர் வாதிட்டார். நம் தமிழ் எழுத்தும் பிராமி வழி வந்ததுதான். அவர் சொல்வது சரியென்றால் எங்கோ தூரத்தில் ஒரு பாட்டி நமக்கும் அவர்களுக்கும் பொது.


சுவோன் செந்தில்:

ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் இதை ஏற்க மாட்டேன். நீங்களே மேலே சொன்ன விளக்க நூல், ஹெரியே பதிப்பு, 'நாவின் அடி தொண்டையை அடைக்கும் வடிவம்' என்று எழுத்துப்பூர்வமாகச் சொல்கிறது. செய்தவர்களே சொன்ன பிறகு பக்ஸ்பா எதற்கு?

அந்த நூல் கிடைத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 1940 வரை எழுத்தின் வடிவத்துக்குக் காரணம் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஜன்னல் சட்டத்தைப் பார்த்து வரைந்தார் என்றுகூடச் சொல்லி வந்தார்கள். அந்த வருடம் ஆண்டொங் பக்கம் ஒரு பிரதி வெளிவந்தது, மரப்பலகையில் அச்சிட்ட 33 ஏடுகள். ஜப்பானிய அரசு கொரிய மொழியை நசுக்கிக்கொண்டிருந்த நேரம். ஜொன் ஹியொங் பில் என்ற சேகரிப்பாளர் அதை வாங்கினார். கேட்ட விலை 1,000 வொன், இதன் மதிப்பு அதுவல்ல என்று அவர் 10,000 கொடுத்தார், தரகருக்குத் தனியாக 1,000 கொடுத்தார் என்று சொல்வார்கள். விடுதலை வரும்வரை வெளியே மூச்சு விடவில்லை. கொரியப் போரில் ஊரைவிட்டு ஓடியபோது இரவில் தலைக்கு அடியில் வைத்துத் தூங்கினாராம். 1997-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தது அந்தப் பிரதிதான்.


கரந்தை ஆசிரியர்:

அந்த நூலை நான் மறுக்கவில்லை. அதே காலத்து அரசவைக் குறிப்பில் 'வடிவங்கள் பழைய முத்திரை எழுத்தைப் பின்பற்றின' என்றும் ஒரு வரி இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. கையில் இருந்த வடிவத்தை எடுத்து, நாக்கோடும் உதட்டோடும் பொருத்தி, அதற்கு ஒரு முறை வகுத்தார்கள் என்று நான் நினைக்கிறேன். இரண்டும் ஒன்றையொன்று அழிக்காது. செஜோங்கின் அறிஞர்கள் சீன ஒலியியல் படித்தவர்கள். சீனர் அந்த ஒலி வரிசையைப் பௌத்தத்தோடு வந்த இந்திய இலக்கண மரபிலிருந்து கற்றார்கள். விளக்க நூலிலும் எழுத்துகள் 'க'வில்தான் தொடங்குகின்றன. படித்தவன் இரவல் வாங்குவான் தம்பி, அதில் இழிவு ஒன்றும் இல்லை.


எழுத்துருக்காரன்:

இருபது வருடமாகத் தமிழ் எழுத்துரு வடிவமைக்கிறேன். ஹங்குல் வடிவமைப்பவர்களோடும் வேலை செய்திருக்கிறேன். செந்தில் அண்ணன் 'இதற்கு மேல் ஒன்று இல்லை' என்றதை ஒரு தொழிலாளியாக மறுக்கிறேன்.

அந்த 28-ல் நான்கு வழக்கொழிந்து இன்று 24 எழுத்துதான், உண்மை. ஆனால் அவை வரிசையாக நிற்பதில்லை. இரண்டு, மூன்று, நான்கு எழுத்துகள் ஒரு கட்டத்துக்குள் அடுக்கிக்கொண்டு ஓர் அசையாகின்றன. இரட்டை எழுத்து, கூட்டெழுத்துகளையும் சேர்த்தால், முதலில் 19 மெய்களில் ஒன்று, நடுவில் 21 உயிர்களில் ஒன்று, அடியில் 27 விதமாக மெய் வரலாம் அல்லது வராமலும் போகலாம். பெருக்கினால் 11,172 அசைகள். ஒரே 'க' கட்டத்தில் எங்கே உட்காருகிறது என்பதைப் பொறுத்து ஒல்லியாகும், தட்டையாகும், குட்டையாகும். நல்ல ஹங்குல் எழுத்துரு ஒன்றுக்கு ஒரு குழு மாதக்கணக்கில் உட்காரும். படிப்பவனுக்கு எளிமை, செய்பவனுக்கு இடுப்பு ஒடியும்.

எழுதியபடியே ஒலிக்கும் என்பதும் முழுசாக உண்மை இல்லை. பூவுக்கு உரிய சொல்லைச் 'ச்' என்று முடித்து எழுதுவார்கள். தனியாகச் சொல்லும்போது அது 'த்' என்று அடைபட்டு முடியும். பின்னால் உயிர் வந்தால்தான் 'ச்' வெளியே வரும். சொல்லின் வேர் கண்ணுக்குத் தெரியட்டும் என்று 1933-ல் கொரிய மொழிச் சங்கம் இப்படி எழுத்துமுறை வகுத்தது. நல்ல முடிவுதான். ஆனால் அதைக் கற்க ஒரு காலைப்பொழுது போதாது.

பொறாமையாக ஒன்று சொல்லணும். 1996-ல் வந்த யூனிகோடு 2.0-ல் அந்த 11,172 அசைகளுக்கும் ஆளுக்கொரு இடம் வாங்கிவிட்டார்கள். தமிழுக்குக் கிடைத்தது 128 இடமுள்ள ஒரு தொகுதி, அதுவும் மற்ற இந்திய மொழிகளின் அச்சில் வார்த்தது. 'கொ' என்று ஒரே எழுத்தாக நாம் நினைப்பது கணினிக்கு இரண்டு துண்டு. எல்லா உயிர்மெய்க்கும் தனி இடம் தரும் டேஸ் 16 குறியீட்டைத் தமிழக அரசு 2010-ல் ஏற்றும் அது உலக அளவில் நிற்கவில்லை. தன் எழுத்துக்காக ஒரு அரசே போய்ப் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கொரியா சாட்சி.


யாழினி:

கற்பதைப் பற்றி ஒரு சின்ன விஷயம். தமிழ் தெரிந்தவர்களுக்கு ஹங்குல் சட்டென்று பிடிபட ஒரு காரணம் இருக்கிறது. அவர்களுடைய 'க' நம் 'க' போலவே இடத்துக்குத் தகுந்த மாதிரி ஒலி மாறும். இறைச்சிக்கு அவர்கள் சொல் 'கொகி'. இரண்டும் ஒரே எழுத்து, முதல் 'க' அழுத்தமாக வரும், இரண்டாவது மெலிந்து வரும். நம் 'காகம்' மாதிரி. ஒரே எழுத்துக்கு ஏன் இரண்டு ஒலி என்று மற்ற ஊர்க்காரர்கள் வகுப்பில் கை தூக்குவார்கள். நாங்கள் சென்னைப் பிள்ளைகள் கேட்கவே மாட்டோம். அதற்கப்புறம் மூச்சோடு வரும் 'க', அழுத்தி நிற்கும் 'க' என்று இன்னும் இரண்டு வந்ததும் நாங்களும் தடுமாறுவோம், அது வேறு.


நெய்தல்:

என் கேள்விக்குத் திரும்புகிறேன். யாழினி அக்கா காட்டிய கடிதம் என் மனதை மாற்றியது, உண்மையிலேயே. ஆனால் செந்தில் அண்ணன் பக்கம் போகவில்லை. அந்தக் கடிதம் எழுதியவள் யார்? பெயர்கூடத் தெரியாத ஒரு பெண். அறிஞர்கள் இகழ்ந்த 450 வருடமும் அதைக் கையில் வைத்திருந்தவர்கள் இவர்கள்தான். சிலை மட்டும் ராஜாவுக்கு.

இன்னும் இருக்கிறார்கள். 'ஹங்குல்' என்ற பெயரே செஜோங் வைத்ததில்லை. 1910-களில் ஜு சி கியொங் என்ற ஆசிரியரால் நிலைபெற்ற பெயர் அது. 37 வயதில் செத்துப்போனார். அவருடைய மாணவர்கள் வழி வந்ததுதான் கொரிய மொழிச் சங்கம். ஓர் அகராதிக்காக ஊர் ஊராகச் சொல் சேர்த்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் லீவில் ஊருக்குப் போய் வட்டாரச் சொற்களை எழுதி அனுப்பினார்கள். 1938-ல் பள்ளிகளில் கொரிய மொழி விருப்பப் பாடமாகத் தள்ளப்பட்டது. 1942-ல் சங்கத்தின் மேலேயே போலீஸ் பாய்ந்தது. 33 பேர் மேல் வழக்கு. சித்திரவதை. யி யுன் ஜே, ஹன் ஜிங் இருவரும் சிறையிலேயே இறந்தார்கள். சேர்த்து வைத்த அகராதிக் கையெழுத்துப் பிரதி, வழக்குச் சான்று என்று பறிபோனது.

விடுதலை கிடைத்து மூன்று வாரம் கழித்து, 1945 செப்டம்பர் 8 அன்று, சியோல் ரயில் நிலையக் கிடங்கில் ஒரு பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே அந்தக் கையெழுத்துப் பிரதி, 26,500 தாளுக்குக் குறையாது. முதல் தொகுதி 1947-ல் அச்சானது. ஆறாவது தொகுதி 1957-ல்தான் முடிந்தது.

அக்டோபர் 9 இவர்களுடைய நாள் என்று சொல்லுங்கள், நானும் வருகிறேன்.


சுவோன் செந்தில்:

அந்த நாளைத் தொடங்கியதே அவர்கள்தான் தங்கச்சி! 1926-ல், நாடு அடிமையாக இருந்தபோது, ஹங்குல் வெளிவந்த 480-வது ஆண்டு என்று இந்தச் சங்கத்தின் முன்னோடிகள் முதன்முதலில் கொண்டாடினார்கள். 'ககியா நாள்' என்று பெயர். நாம் 'அ ஆ' என்பது போல அவர்கள் 'க, கியா' என்று எழுத்தைத் தொடங்குவார்கள். தேதி அப்போது வேறு. ஜொன் ஹியொங் பில் காப்பாற்றிய நூலில் 'ஒன்பதாம் மாதத்தின் முதல் பத்து நாள்' என்று இருந்ததை வைத்துத்தான் விடுதலைக்குப் பிறகு அக்டோபர் 9 என்று நிலைத்தது. வட கொரியா, எழுத்தை உருவாக்கிய நாளைக் கணக்கிட்டு ஜனவரி 15-ல் கொண்டாடுகிறது. விடுமுறை அதிகமாகிவிட்டது என்று 1991-ல் தென் கொரியா இந்த விடுமுறையை எடுத்தே விட்டது. மக்கள் கேட்டுக் கேட்டு 2013-ல் திரும்ப வந்தது.

நான் முதலில் எழுதியதில் இவர்களைச் சொல்லாதது தவறுதான். மகளுக்கும் ராஜா கதை மட்டுமே சொல்லியிருக்கிறேன். அடுத்த வருடம் அந்தப் பழைய ரயில் நிலையத்துக்கும் கூட்டிப்போவேன்.


நெய்தல்:

போகும்போது, சிலைக்குப் பின்னால் இருக்கும் குவாங்ஹ்வாமுன் வாயிலின் பெயர்ப்பலகையையும் காட்டுங்கள் அண்ணா. அதில் சீன எழுத்து. 2023-ல் புதிதாக மாட்டியபோதும், கறுப்புப் பலகையில் பொன்னிறத்தில், சீன எழுத்துதான். எழுத்து செய்த மன்னர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், அவர் அரண்மனை வாசலில் அது இல்லை.


சுவோன் செந்தில்:

அது என் நெஞ்சில் முள். 1968-ல் அதிபர் பார்க் சுங் ஹீ ஹங்குலில் எழுதிய பலகை பல வருடம் அங்கே இருந்தது. சர்வாதிகாரியின் கையெழுத்து என்பதால் எடுத்தது நியாயம். வேறு ஒருவர் எழுதிய ஹங்குல் பலகை வைத்திருக்கலாம்.


கரந்தை ஆசிரியர்:

இதில் உங்கள் இருவருக்கும் எதிராக நிற்கிறேன். பழைய வாயிலைப் பழையபடி மீட்டால் பழைய பலகைதான் வரவேண்டும். தஞ்சைக் கல்வெட்டில் இன்றைய எழுத்தை வெட்டினால் நான் சும்மா இருப்பேனா? சீன எழுத்தைப் பள்ளியில் குறைத்ததால் தாத்தா எழுதியதைப் பேரனால் படிக்க முடியவில்லை என்று பேத்தியின் ஆசிரியை சொன்னாராம். அந்த இழப்பையும் கணக்கில் வைக்கணும்.


யாழினி:

ஐயா, தாத்தா எழுதியதைப் பேரனால் படிக்க முடியவில்லை என்கிறீர்கள். பாட்டிக்கு எழுதவே தெரியாத வீடுகள் அதைவிட அதிகம்.

வட கியொங்சாங் மாகாணத்தில் சில்கொக் என்று ஒரு மாவட்டம். பெண் பிள்ளை, வறுமை, போர் என்று சின்ன வயதில் பள்ளிக்கூடமே போகாத பாட்டிகள் அங்கே முதியோர் வகுப்பில் சேர்ந்தார்கள். எழுபதைத் தாண்டிய பிறகு முதல் தடவையாக ஹங்குல் எழுதினார்கள். நெய்தல் கேட்ட பத்து நாள், அவர்களுக்கு அத்தனை வருடம் கழித்துத்தான் கிடைத்தது. அவர்களில் ஐந்து பேரின் கையெழுத்தை எழுத்துருவாக்க மாவட்ட நிர்வாகம் முடிவு செய்தது. நான்கு மாதம், ஒவ்வொருவரும் இரண்டாயிரம் தாள் எழுதிப் பழகினார்கள். 2020 கடைசியில் வெளியிட்டார்கள். எங்கள் கம்பெனிக் கொரிய மேலாளர் புத்தாண்டு வாழ்த்தை அதில்தான் அச்சடிப்பார். கோடு நேராக இருக்காது, கட்டத்தை விட்டு வெளியே எட்டிப் பார்க்கும். பார்த்த உடனே யாரோ மெதுவாக, கவனமாக எழுதியது என்று தெரியும்.


எழுத்துருக்காரன்:

என் கணினியில் ஐந்தும் இருக்கின்றன. கணக்குப்படி பார்த்தால் அவற்றில் பிழை நிறைய சொல்லலாம். ஒன்றையும் திருத்த மாட்டேன்.


நெய்தல்:

அக்கா, அது எங்கே கிடைக்கும்?


யாழினி:

'சில்கொக் ஹல்மே' என்று கொரிய மொழியில் தேடுங்கள், மாவட்டத் தளத்திலேயே இலவசமாக இருக்கிறது. ஹல்மே என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் பாட்டி. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் எழுதிய பாட்டியின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.